அப்பாவுக்கு ஒரு தூளி!

ஆட்டையாம்பட்டி என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? முறுக்குதானே? கல்யாணம் ஆகும்வரை எனக்கும் அப்படித்தான். இப்போது அந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலே என் நெஞ்சின்மேல் ஒரு சின்ன கனம் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அது என் மகள்!

தலைப்பிரசவம். வழக்கம்போல மனைவி தாய்வீடு போனாள். நான் சென்னையில் ஒரு ஆபீஸ் நாற்காலியில். வெள்ளி ராத்திரி ரயில் பிடித்து, சேலத்தில் இறங்கி, ஆட்டையாம்பட்டி பஸ் ஏறி, சனிக்கிழமை காலை மாமனார் வீட்டு வாசலில் பிஸ்கெட் பாக்கெட்டோடு நிற்பேன். ஞாயிறு சாயங்காலம் அதே பஸ்ஸில் சேலம், அதே ரயிலில் சென்னை. நடுவில் இரண்டு நாள், எனக்குக் காபி, டிபன், தலைவாழை இலைச் சாப்பாடு என்று சகல மரியாதையும் உண்டு. ஒன்றுதான் கிடையாது. குழந்தை!

குழந்தை பாட்டியிடம் இருக்கும். இல்லாவிட்டால் அம்மாவிடம். அதுவும் இல்லையென்றால் தூளியில். நான் ஆசையாய் வாங்கினால் ஐந்தாவது நிமிஷம் வீறிட்டு அழும். உடனே நாலு பக்கத்திலிருந்தும் எட்டுக் கைகள் நீளும். 'குடுங்க மாப்ளே, நாங்க பாத்துக்கறோம்.' மீட்டர் ரீடிங் எடுக்க வருகிறவரைப் பார்ப்பதுபோல என் மகள் என்னைப் பார்ப்பாள்.

இந்த சோகத்தை ஆபீஸ் கேன்டீனில் சொன்னபோது பக்கத்து சீட் நண்பர் ஒரு யோசனை சொன்னார். 'ஒரு பேபி கேரியர் வாங்கி மாட்டிக்கிட்டு நட சார். ரெண்டு கையும் ஃப்ரீ. குழந்தையும் உன் நெஞ்சோட ஒட்டிக்கும்.'

அன்றைக்கே ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். இருப்பதிலேயே அதிகப் பட்டைகள், அதிக பக்கிள்கள் உள்ளதாகப் பார்த்து! விலை அதிகமென்றால் குழந்தைக்கு நல்லது என்பது புது அப்பாக்களின் சாஸ்திரம்.

முதல் நாள் கூத்து

அந்தச் சனிக்கிழமை பெட்டியைப் பிரித்ததும் வீடே கூடிவிட்டது.

'என்னங்க மாப்ளே இது, மூட்டை தூக்கற பெல்ட்டுங்களா?' என்றார் மாமனார்.

'பாராசூட் மாதிரி இருக்கு மாமா!' என்றான் மச்சினன்.

மாமியார் மட்டும் கொஞ்சம் கவலையாக, 'கைச்சூடு பழகிப் போச்சுன்னா அப்புறம் கீழ எறங்கவே எறங்காதுங்க மாப்ளே' என்றார்.

யார் சொல்வதையும் நான் கேட்கவில்லை. பட்டைகளை மாட்டி, குழந்தையை உள்ளே இறக்கி, தெருவில் இறங்கிவிட்டேன். கைத்தறியும் விசைத்தறியும் ஓடுகிற ஊர். தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு ஆம்பளை நெஞ்சில் குழந்தையைக் கட்டிக்கொண்டு போனால் என்ன ஆகும்? தறி நின்றது! ஜன்னல்களில் முகங்கள். நான் ராஜநடை நடந்தேன். குழந்தை அழவில்லை. முக்கவில்லை. முனகவில்லை. எனக்கோ பெருமை தாங்கவில்லை.

திரும்பி வந்தபோது திண்ணையில் என் மனைவியின் ஆயா உட்கார்ந்திருந்தார். வயசு எண்பதைத் தாண்டியிருக்கும். காட்டு வேலைக்குப் போன காலத்தில் தன் பிள்ளைகளைப் பழைய சேலையில் கட்டித் தூக்கிக்கொண்டு போனவர்.

'இங்க வா சாமி' என்று என்னைக் கிட்டே கூப்பிட்டார். துணியை விலக்கி உள்ளே பார்த்தார். முகம் மாறியது. சட்டென்று உள்ளே கையை விட்டுக் குழந்தையின் மோவாயைத் தூக்கினார். குழந்தை 'ஹ்ஹா' என்று ஒரு பெரிய மூச்சு இழுத்து, அப்புறம்தான் அழுதது.

'புள்ள கழுத்து மடங்கிப் போயி நெஞ்சுல கெடக்குது. பாக்கலியா நீ? மூக்கு வானத்தப் பாக்கோணும் சாமி... தரையப் பாக்கக் கூடாது.'

நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. குழந்தை அழாததை நான் சந்தோஷம் என்று நினைத்தேன். அது சத்தம் போட முடியாமல்கூட இருந்திருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

டாக்டர் வைத்த பாடம்

திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு, சேலத்தில் ஒரு குழந்தை டாக்டரிடம் போனோம். குழந்தையைப் பரிசோதித்து, நன்றாக இருக்கிறாள் என்று சொன்னபிறகுதான் எனக்கு உயிர் வந்தது. அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

'பெட்டியில என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?'

படித்திருந்தால்தானே! வீட்டுக்கு வந்து பார்த்தேன். 'குறைந்தபட்ச எடை 3.5 கிலோ' என்று பொடி எழுத்தில் இருந்தது. என் மகள் அன்றைக்கு 3 கிலோகூட முழுசாக இல்லை!

டாக்டர் விளக்கியதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். பிறந்த குழந்தைக்குத் தலை பெரிசு, கழுத்தில் பலம் கிடையாது. மூச்சுக்குழாயோ மெல்லியது, இளசு. நம்முடைய தோட்டத்து ஹோஸ் பைப் மடங்கினால் தண்ணீர் நிற்கிறது இல்லையா? அதுபோல மோவாய் நெஞ்சில் போய் முட்டினால் காற்று போகும் வழி மடங்கிவிடும். பெரியவர்கள் என்றால் திமிறுவோம். நாலு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தலையை நிமிர்த்தத் தெரியாது. சத்தமே இல்லாமல் மூச்சு குறைந்துபோகும். இது ஒரு ஆபத்து. இன்னொன்று, மூக்கும் வாயும் துணியிலோ, நம் நெஞ்சிலோ அழுந்திப் போவது.

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010 மார்ச்சில் ஓர் எச்சரிக்கை விட்டது. துணித் தூளிகள் சம்பந்தமாக இருபது வருஷத்தில் குறைந்தது 14 குழந்தைகள் இறந்திருக்கின்றன, அதில் 12 குழந்தைகள் நாலு மாதம்கூட ஆகாதவை என்றது அந்த அறிக்கை. முக்கியமாக, குழந்தை 'ட' மாதிரி மடிந்து, பைக்குள் புதைந்து கிடக்கிற ரகங்களைப் பற்றித்தான் கவலை.

'அப்போ இதெல்லாம் வேண்டாமா டாக்டர்?' என்றேன், பாதி நிம்மதியோடு.

'யார் சொன்னது? உங்க நெஞ்சு வேணும். பட்டைதான் இப்போதைக்கு வேண்டாம். 3.5 கிலோ வரட்டும். அதுவரைக்கும் சட்டையைக் கழட்டிட்டு நாற்காலியில சாஞ்சு உட்காருங்க. குழந்தைக்கு டயபர் மட்டும் போட்டு நெஞ்சுல குப்புறப் படுக்க வைங்க. தலை ஒரு பக்கமா திரும்பி, மூக்கு வெளியே தெரியட்டும். மேல ஒரு துணி, முகத்தை மூடாம. நீங்க மட்டும் தூங்கிடக் கூடாது.'

கங்காரு கதை

இந்த வைத்தியத்துக்குக் 'கங்காரு பராமரிப்பு' என்று பெயர். பிறந்த இடம் ஆஸ்திரேலியா இல்லை, தென்னமெரிக்கா! 1970-களின் கடைசியில் கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. குறைமாதக் குழந்தைகள் ஏராளம், இன்குபேட்டர்கள் கொஞ்சம். ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகள். ஒன்றிடமிருந்து ஒன்றுக்குத் தொற்று. அங்கே இருந்த டாக்டர் எட்கர் ரே சனப்ரியா, குழந்தைகளை அம்மாக்களின் வெறும் மார்போடு சேர்த்துக் கட்டச் சொன்னார். கரன்ட் இல்லாத இன்குபேட்டர்!

ஏழை ஆஸ்பத்திரியின் ஏற்பாடுதானே என்று உலகம் முதலில் நினைத்தது. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் நடத்திய பெரிய ஆய்வு வெளிவந்தது. இந்தியா உள்பட ஐந்து நாடுகள், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 குழந்தைகள். இந்தியாவில் ஆய்வு நடந்தது டெல்லி சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரியில். பிறந்த உடனேயே நெஞ்சோடு சேர்த்து வைத்த குழந்தைகளில், 28 நாளுக்குள் இறந்தவை நூற்றுக்கு 12. உடல்நிலை சீரானபிறகு சேர்த்து வைத்த கூட்டத்தில் இது 15.7. நூறில் மூன்று நாலு உயிர், வெறும் அணைப்பில்! 2022-ல் அந்த நிறுவனம் விட்ட பரிந்துரை, எடை குறைந்த, குறைமாதக் குழந்தைகளைத் தினமும் 8 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரை இப்படி வைத்துக்கொள்ளச் சொல்கிறது.

எட்டு மணி நேரம்! ஒரு அம்மாவால் தனியாக முடிகிற காரியமா? அவள் குளிக்க வேண்டாமா, சாப்பிட வேண்டாமா, தூங்க வேண்டாமா? அங்கேதான் சார் நாம் வருகிறோம். அப்பாவின் நெஞ்சும் அதே 37 டிகிரி சூடுதான். பால் ஒன்றுதான் நம்மிடம் இல்லை. மற்றபடி சரக்கு எல்லாம் இருக்கிறது.

நான் அந்த நாற்காலி வைத்தியத்தை அன்றைக்கே ஆரம்பித்தேன். முதல் பத்து நிமிஷம் அழுகை. மாமியார் வாசல்வரை வந்து கையை நீட்டினார். 'இருக்கட்டும்மா, பாக்கலாம்' என்றாள் மனைவி. பதினோராவது நிமிஷம், பெரிய பெருமூச்சு ஒன்று விட்டு, என் மகள் என் நெஞ்சுமுடியை ஒரு பிடி பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள். வலித்தது. அசையவில்லையே நான்!

வாங்குவதற்கு முன்னால்

எடை 3.6 கிலோ ஆன பிறகு, இந்த முறை விசாரித்து வாங்கினேன். நாலு வகை உண்டு.

ஒன்று, இழுபடும் நீளத்துணி. பனியன் துணி மாதிரி, சுமார் 5 மீட்டர். சின்னக் குழந்தைக்கு மெத்தென்று இருக்கும். குழந்தை கனக்க ஆரம்பித்தால் தொய்யும். முன்பக்கம் மட்டும்தான் கட்டவேண்டும், முதுகில் கட்டக்கூடாது.

இரண்டு, நெய்த நீளத்துணி. இழுபடாது, பல மாதம் உழைக்கும். கட்டப் பழகக் கொஞ்சம் நாளாகும். நம் புடவை ஐந்தரை மீட்டர், இதுவும் ஏறக்குறைய அந்த நீளம்தான்! அதற்காக மனைவியின் பட்டுப்புடவையை எடுத்துவிடாதீர்கள். பட்டும் சிந்தெடிக்கும் வழுக்கும், முடிச்சு நழுவும். பழம்புடவை கிழியும்.

மூன்று, வளையத் தூளி. ஒரு தோளில் போட்டு இரண்டு வளையத்தில் இழுத்து இறுக்குவது. மாட்ட சுலபம். ஒரே தோளில் கனம் இறங்கும். வளையம் இதற்கென்றே செய்த, ஒட்டுப் போடாத வளையமாக இருக்கவேண்டும். திரைச்சீலை வளையத்தை வைத்து வீட்டிலேயே தைக்கிற சிக்கனம் இங்கே கூடாது.

நாலு, பக்கிள் வைத்த ரகம். அப்பாக்களுக்குப் பிடித்தது இதுதான். இரண்டு தோளும் இடுப்பும் கனத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும். ஆனால் பச்சைக் குழந்தைக்குப் பல மாடல்கள் பெரிசு. சிலவற்றுக்குள் வைக்கத் தனியாக ஒரு மெத்தை தருவார்கள். சிலவற்றில் உட்காரும் பகுதியைக் குறுக்கிக்கொள்ளலாம்.

விலை சில நூறு ரூபாயில் ஆரம்பித்துப் பத்தாயிரத்தைத் தாண்டுகிறது. விலையைப் பார்ப்பதற்கு முன் நாலு விஷயம் பாருங்கள். குறைந்தபட்ச எடை என்ன? உங்கள் குழந்தையின் இன்றைய எடை என்ன? உங்கள் சுற்றளவுக்கும் மனைவியின் சுற்றளவுக்கும் பட்டை நீளுமா, குறையுமா? துணி காட்டனா? சேலம் ஜில்லா வெயிலில் கனத்த ஃபோம் வைத்த கேரியர் என்பது அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து வேகிற இட்லிப்பானை!

குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை, மூச்சுத் தொந்தரவோ இடுப்பு மூட்டுப் பிரச்னையோ உள்ள குழந்தை என்றால் டாக்டரைக் கேட்காமல் எதையும் மாட்டவே மாட்டாதீர்கள்.

இந்தச் சமாசாரத்தில் ஒரு தமாஷ் உண்டு. 1960-களில் ஆன் மூர் என்கிற அமெரிக்க நர்ஸ், ஆப்பிரிக்காவில் டோகோ நாட்டில் தொண்டு செய்யப் போனார். அங்கே தாய்மார்கள் குழந்தைகளைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டு போவதையும், அந்தக் குழந்தைகள் அமைதியாக இருப்பதையும் பார்த்தார். ஊருக்குத் திரும்பித் தனக்கு மகள் பிறந்ததும், தன் அம்மாவின் தையல் உதவியோடு அதேபோல ஒன்று செய்தார். 1969-ல் அதற்குக் காப்புரிமை. 'ஸ்னக்லி' என்ற பெயரில் அமெரிக்கா முழுக்க விற்றது. ஏழைத் தாய்மார்களின் துணி, மேல்நாடு போய், பக்கிள் மாட்டிக்கொண்டு, நமக்கே விலைக்கு வருகிறது! நம் ஆயாக்கள் காப்புரிமை வாங்காமல் விட்டுவிட்டார்கள்.

கட்டுவது எப்படி?

நான் வாங்கியது இழுபடும் நீளத்துணி. முதல் ஒத்திகைக்கு ஒரு முனையை மச்சினனும் மறுமுனையை மாமனாரும் பிடித்துக்கொள்ள, நடுவில் நான் சுற்றிச் சுற்றி வந்தேன். 'பாவு ஓட்டற மாதிரியே இருக்குதுங்க மாமா!' என்று சிரித்தான் மச்சினன். குழந்தைக்குப் பதில் உள்ளே 3 கிலோ அரிசிப் பை. நீங்களும் அரிசியில் ஆரம்பியுங்கள். நாலைந்து தடவை கட்டி, அவிழ்த்து, கை பழகிய பிறகுதான் குழந்தை. அதுவும் கட்டிலுக்கு மேலே நின்றுகொண்டு, பக்கத்தில் ஓர் ஆள் கைகொடுக்க. முறுக்கு சுற்றுகிறவர்களைப் பாருங்கள். அந்த விரல்கள் ஒரே நாளிலா அந்தச் சுற்றைக் கற்றுக்கொண்டன?

கட்டுவதற்கு முன் சட்டைப் பையைக் காலி செய்யுங்கள். பேனா, ஆபீஸ் அடையாள அட்டை, கழுத்துச் சங்கிலி எல்லாம் குழந்தையின் கன்னத்துக்கு எதிரிகள்.

பக்கிள் ரகம் என்றால் முதலில் இடுப்புப் பட்டை. நம்மில் பலர் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே கட்டுகிற ஜாதி. அதே இடத்தில் இதையும் கட்டினால் குழந்தை தொப்பைமேல் சறுக்கு விளையாடும்! தொப்புள் மட்டத்தில், முன்னும் பின்னும் ஒரே உயரத்தில் கட்டுங்கள். குழந்தை ரொம்பச் சின்னது என்றால் இன்னும் கொஞ்சம் மேலே. பிறகு குழந்தையை நெஞ்சோடு நிமிர்த்தி அணைத்து, கால்களைத் தவளைபோல விரித்து உட்கார வையுங்கள். ஒரு கையால் தலையைத் தாங்கிக்கொண்டே துணியை மேலே ஏற்றி, தோள் பட்டைகளை மாட்டுங்கள். பின்பக்கக் குறுக்குப் பட்டை தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் இருக்கட்டும். கடைசியில் இரண்டு பக்கமும் சமமாக இழுத்து இறுக்குங்கள்.

நீளத்துணி என்றால் முதலில் உங்கள் உடம்போடு பனியன் மாதிரிக் கட்டிக்கொண்டு, பிறகு குழந்தையை உள்ளே இறக்குங்கள். குழந்தைமேல் மூன்று மடிப்பு வரும். மூன்றையும் ஒரு முட்டியிலிருந்து மறு முட்டிவரை விரித்துவிட வேண்டும். சோம்பல்பட்டு ஒன்றை விட்டாலும் கட்டு பலமில்லை.

மாட்டியாயிற்றா? இப்போது பரீட்சை. பிரிட்டனில் இந்தத் துறைக்காரர்கள் கூடி 2010-ல் ஐந்து விதி வகுத்தார்கள். நம் பாஷையில் சொன்னால் இப்படி:

1. இறுக்கம் இருக்கணும். ஒரு கையால் குழந்தையின் முதுகைப் பிடித்துக்கொண்டு லேசாக முன்னால் சாயுங்கள். குழந்தை உங்கள் நெஞ்சைவிட்டு விலகினால், கட்டு தளர்ச்சி.

2. முகம் கண்ணில் படணும். தலையைக் குனிந்தால் கண், மூக்கு, வாய் மூன்றும் தெரியவேண்டும். வெயில் என்று முகத்தின்மேல் துண்டு போடாதீர்கள்.

3. முத்தம் எட்டணும். குனிந்தால் உங்கள் உதடு குழந்தையின் உச்சந்தலையைத் தொடவேண்டும். தொடவில்லையா? குழந்தை ரொம்பக் கீழே இருக்கிறது.

4. மோவாய் தூக்கலா இருக்கணும். மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு விரலாவது தாராளமாக நுழையவேண்டும். ஆயா சொன்ன 'மூக்கு வானத்தப் பாக்கோணும்' இதுதான்!

5. முதுகு தாங்கணும். உள்ளங்கையைக் குழந்தையின் முதுகில் வைத்து லேசாக அழுத்துங்கள். முதுகு நிமிர்ந்து நீண்டால், கட்டு தளர்ந்து குழந்தை உள்ளே குறுகிக் கிடந்தது என்று அர்த்தம். மறுபடி இறுக்குங்கள்.

ஐந்தோடு நான் ஒன்று சேர்க்கிறேன். முட்டி, புட்டத்தைவிட உயரத்தில் இருக்கணும். பச்சைக் குழந்தையின் இடுப்பு மூட்டில் கிண்ணமும் பந்தும் இன்னும் குருத்தெலும்புதான். கால்கள் நேராகத் தொங்கினாலோ, சேர்த்து இறுக்கிக் கட்டினாலோ பந்து கிண்ணத்திலிருந்து நழுவ வாய்ப்பு கூடும். அமெரிக்கப் பழங்குடியினரான நவாஹோ மக்கள் ஒரு காலத்தில் குழந்தையின் கால்களை நேராக நீட்டிப் பலகையோடு கட்டி வைப்பார்கள். அவர்களிடம் இடுப்பு மூட்டு விலகல் அதிகம். கால் விரித்து இடுப்பில் தூக்கும் சமூகங்களில் குறைவு. நம் வீட்டுப் பெண்கள் இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்வது எவ்வளவு பெரிய விஞ்ஞானம் பாருங்கள்! பச்சைக் குழந்தைக்குக் கழுத்து நிற்கிறவரை நெஞ்சோடு, நம்மைப் பார்த்தபடி. ஊரைப் பார்த்தபடி முகம் திருப்பி மாட்டுவது இப்போது வேண்டவே வேண்டாம்.

இதெல்லாம் கூடாது

மிக முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேரியரில் குழந்தையைக் கட்டிக்கொண்டு பைக்கில் ஏறாதீர்கள். 'இங்க பக்கத்துல கடைக்குத்தான்' என்றாலும் கூடாது. பைக்கில் 9 மாதம் முதல் 4 வயதுவரையுள்ள குழந்தைகளுக்குப் பாதுகாப்புப் பட்டையும் ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40 கிலோ மீட்டரைத் தாண்டக்கூடாது என்று மத்திய அரசு 2022-ல் விதி கொண்டுவந்தது. 2023 பிப்ரவரியிலிருந்து அமல். அந்தப் பட்டை வேறு, நம் துணி வேறு. பச்சைக் குழந்தைக்கு பைக்கில் இடமே இல்லை. காரிலும் இது சீட்டுக்கு மாற்று கிடையாது. மோதினால் குழந்தை நமக்கும் முன்சீட்டுக்கும் நடுவில் மெத்தை ஆகிவிடும்.

அடுப்புப் பக்கம் போகாதீர்கள். சூடான டீ குடிக்காதீர்கள். கீழே விழுந்ததை எடுக்க இடுப்பை வளைக்காமல் முட்டியை மடக்கி உட்காருங்கள், ஒரு கை குழந்தையின் தலையில். குழந்தையோடு சோபாவில் சாய்ந்து 'அஞ்சு நிமிஷம்' கண்ணை மூடாதீர்கள். பால் குடித்தவுடன் உள்ளே குறுகிக் கிடக்கிறதா என்று பாருங்கள். கேரியர் என்பதும் ஒரு சட்டை என்று கணக்கு வையுங்கள். உள்ளே மெல்லிய காட்டன் சட்டை ஒன்று போதும். பிடரியில் கை வைத்தால் வேர்த்திருக்கிறதா? அவிழ்த்துவிடுங்கள். உச்சி வெயில் நேரத்தில் நகர்வலம் வேண்டாம். ஆரம்பத்தில் பதினைந்து நிமிஷம் போதும்.

ஒரே கேரியரை மனைவியும் நீங்களும் மாற்றி மாற்றி மாட்டினால், ஒவ்வொரு தடவையும் பட்டைகளைப் புதிதாக இறுக்கவேண்டும். அவர் அளவில் நீங்கள் மாட்டினால் மூச்சு முட்டும். உங்கள் அளவில் அவர் மாட்டினால் குழந்தை நழுவும்.

கைச்சூடு பழகிடுமா?

மாமியாரின் கேள்விக்கு வருவோம். 1986-ல் கனடாவில் மான்ட்ரியல் நகரத்து டாக்டர்கள் 99 குழந்தைகளை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். பாதிப் பேரின் அம்மாக்களிடம், குழந்தை அழாவிட்டாலும் தினமும் கூடுதலாகத் தூக்கி வைத்திருக்கச் சொன்னார்கள். ஆறாவது வாரத்தில், அதிகம் தூக்கிய குழந்தைகள் 43 சதவிகிதம் குறைவாக அழுதன. பிற்பாடு வேறிடங்களில் செய்த சில ஆராய்ச்சிகளில் இவ்வளவு பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எப்படியானாலும், தூக்கித் தூக்கியே குழந்தை கெட்டுப்போனது என்று இவற்றில் எதுவும் சொல்லவில்லை. இதை நான் மாமியாரிடம் சொன்னேன். 'அதெல்லாம் கனடாவுலீங்க' என்றார். விட்டுவிட்டேன். மாமியாரோடு வாதாடி ஜெயித்த மாப்பிள்ளை எந்த ஊரிலும் இல்லை.

நேரம் எங்கே சார் என்கிறீர்களா? மத்திய அரசு ஆபீசில் இருந்தால் ஐந்தாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு, 1997 முதல், அப்பாக்களுக்கென்றே 15 நாள் லீவு உண்டு. இரண்டு குழந்தைகள்வரை. குழந்தை பிறந்து ஆறு மாதத்துக்குள் எடுக்கலாம். பலர் அதை மனை வாங்கவும் வண்டி ரிப்பேருக்கும் எடுக்கிறார்கள். என்னுடையது தனியார் ஆபீஸ். இருந்த லீவையெல்லாம் திங்கட்கிழமைகளாகப் பிய்த்துப் பிய்த்து எடுத்தேன். இரண்டு நாள் அப்பா, மூன்று நாள் அப்பா ஆனேன்.

கடைசியில்...

இப்போது என் மகளுக்கு ஐந்தாவது மாதம். 6 கிலோவைத் தாண்டிவிட்டாள். கழுத்து நின்றுவிட்டது. அலமாரியில் கிடந்த அந்தப் பழைய பக்கிள் கேரியர் இப்போது அவளுக்குச் சரியாக இருக்கிறது. சனிக்கிழமை நான் வாசலில் நுழைந்தால் பாட்டியின் இடுப்பிலிருந்து என்னைப் பார்த்துக் காலை உதைக்கிறாள். மீட்டர் ரீடிங் ஆசாமிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது!

சாயங்காலம் தறித் தெருவில் நடப்போம். இப்போதெல்லாம் தறி நிற்பதில்லை. போன மாதம் ஒரு இளைஞர், கல்யாணமாகி ஒரு வருஷம் இருக்கும், தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். 'சார்... அது எப்படிங்க மாட்டறது?' என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். என்னவோ திருட்டு சாமான் விசாரிக்கிற மாதிரி! திண்ணையில் உட்கார்த்தி, அரைமணி நேரம் சொல்லிக்கொடுத்தேன். ஆயா பக்கத்திலிருந்து நான் விட்டதையெல்லாம் திருத்தினார்.

போன சனிக்கிழமை இன்னொன்று நடந்தது. கேரியரை எடுத்து மாட்டினேன். தொளதொளவென்று தொங்கியது. ஒவ்வொரு பட்டையும் கடைசிவரை நீட்டப்பட்டிருந்தது. நான் போன வாரம் விட்டுப்போன அளவு இல்லை. மனைவியின் அளவும் நிச்சயம் இல்லை. அந்த வீட்டில் அவ்வளவு சுற்றளவு உள்ள இடுப்பு ஒன்றே ஒன்றுதான்!

திரும்பிப் பார்த்தேன். மாமனார் வெகு மும்முரமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

'ஐந்து விதியும் பாத்துத்தான மாமா கட்டுனீங்க?' என்றேன்.

பேப்பர் அசையவில்லை. உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

'மூக்கு வானத்தத்தான் பாத்துச்சுங்க மாப்ளே!'